போர்முனையிலும் டி-55, பெட்டிக்குள்ளும் டி-55!

சோவியத் கவச வாகனங்களின் மாடல் கிட்டுகள் வரிசைகட்டி வருகின்றன. அவற்றை வார்க்கும் ஊர்களில் ஒன்று உக்ரைனின் கீவ். அங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது.

2023 மார்ச். ரஷ்யாவின் தூரக் கிழக்கில் உள்ள அர்செனியேவ் நகரத்திலிருந்து ஒரு சரக்கு ரயில் மேற்கே கிளம்புகிறது. மேற்கூரை இல்லாத வேகன்களில் டாங்கிகள் வரிசையாக நிற்கின்றன. பழைய டாங்கிகளைப் பழுதுபார்த்துச் சேமித்து வைக்கும் பெரிய ராணுவக் கிடங்கு அந்த ஊரில் உண்டு. ரயிலின் படங்கள் சில நாட்களில் உலகம் முழுக்கப் பரவின. செய்தியாளர்கள் பொத்தாம்பொதுவாகப் 'பழைய டாங்கிகள்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, ஸ்கேல் மாடல் கட்டும் ஆட்கள் படத்தைப் பெரிதாக்கி டரெட்டின் கூரையைப் பார்த்தார்கள். பீரங்கியைத் தாங்கிச் சுழலும் அந்த மேல்பகுதியில், வலப்பக்கம் முன்னால், காளான் குடைபோல ஒரு சின்ன மூடி இருக்கிறதா? இருந்தால் டி-54. மொட்டையாக இருந்தால் டி-55.

அது காற்றோட்ட விசிறியின் மூடி. மாடலில் மிளகு அளவுகூட இருக்காது. அதைச் சாமணத்தில் பிடித்து, பசை தொட்டு, மூச்சை அடக்கி ஒட்டியவர்களுக்கு வேறு அடையாளம் தேவைப்படவில்லை. ரயிலில் இரண்டு ரகமும் இருக்கின்றன என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். டி-54 சோவியத் படைக்கு ஏற்கப்பட்டது 1946-ல். டி-55 வந்தது 1958-ல். அருங்காட்சியக வாசலில் குழந்தைகள் ஏறி விளையாடும் வண்டி என்றுதான் அதை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது மறுபடி போருக்குப் போகிறது.

ராணுவ மாடல் கட்டுவது ஓர் எழுதாத ஒப்பந்தத்தின் மேல் நிற்கும் பொழுதுபோக்கு. வண்டி ஓய்வு பெற்றிருக்க வேண்டும், போர் முடிந்திருக்க வேண்டும், செத்தவர்களின் பேரப்பிள்ளைகளே கிழவர்களாகியிருக்க வேண்டும். அப்போதுதான் சனிக்கிழமை மாலையில் காபியும் கையுமாக உட்கார்ந்து அந்த வண்டிக்கு நிம்மதியாகப் பச்சை அடிக்க முடியும். சோவியத் டாங்கி விஷயத்தில், ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த 2022-ல் அந்த ஒப்பந்தம் முறிந்துவிட்டது. ஆனால் கிட்டுகள் நிற்கவில்லை. ஜனவரிக் கடைசியில் தொடங்கும் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியிலும், மே மாதத்து ஷிசுவோகா கண்காட்சியிலும் 'விரைவில்' என்ற வரிசையில் டி-வரிசை டாங்கிகள் இல்லாத ஆண்டு அரிது.

இரண்டு பேட்டரி முடிவு செய்த அளவு

இந்தத் தொழிலின் தலைநகரம் மாஸ்கோ அல்ல, ஜப்பானின் ஷிசுவோகா. 1960களின் தொடக்கத்தில் அங்குள்ள தமியா நிறுவனம் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும் மாடலாகச் செய்தது. உள்ளே மோட்டாரும் நடுத்தர அளவு பேட்டரி இரண்டும் உட்கார வேண்டும். அதற்குத் தோதாக உடலின் அகலத்தை வைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், அசலில் ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு வந்தது. இன்று உலகமே பின்பற்றும் 1/35 அளவு இப்படிப் பேட்டரிக்கு இடம் விட்டதில் பிறந்ததுதான். நிறுவனத்தை வளர்த்தெடுத்த ஷுன்சாகு தமியா 2025 ஜூலையில் தொண்ணூறு வயதில் காலமானார்.

அந்தக் காலத்தில் அமெரிக்க டாங்கியை அளக்க வேண்டுமானால் அபர்டீன் ராணுவ அருங்காட்சியகத்துக்கு கேமராவோடு போய்விட முடிந்தது, ஷுன்சாகு தமியாவும் போனார். சோவியத் டாங்கியை அளக்க எங்கே போவது? 1977 நவம்பர் அணிவகுப்பில் டி-72 முதன்முதலாகப் பொதுமக்கள் கண்ணில் பட்டபோது, தூரத்திலிருந்து எடுத்த படங்கள்தான் கிடைத்தன. அந்தக் காலத்து சோவியத் கிட்டுகளில் பாதி அளவீடு, பாதி ஊகம். 1991-க்குப் பிறகு நிலைமை தலைகீழானது. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள குபின்கா அருங்காட்சியகம் திறந்தது, ஆவணங்கள் வெளியே வந்தன, தொழிற்சாலை வரைபடங்கள் புத்தகமாயின. அளவு நாடாவோடு முதலில் வந்தவர்கள் மேற்கத்திய ஆர்வலர்கள். பின்னாலேயே சீன நிறுவனங்கள்.

---
பெட்டிச் செய்தி: 35-ல் ஒரு பங்கு என்றால்...

டி-34/85 டாங்கியின் நீளம் பீரங்கியோடு 8.1 மீட்டர். மாடலில் 23 சென்டிமீட்டர்.

டி-55 டாங்கியின் உயரம் 2.4 மீட்டர். மாடலில் ஏழு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

அதன் 100 மில்லிமீட்டர் பீரங்கி வாய், மாடலில் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.

டி-34 டாங்கியின் 45 மில்லிமீட்டர் முன்கவசம், மாடலில் 1.3 மில்லிமீட்டர்.

டி-34 டாங்கியின் சங்கிலிப்பட்டையில் ஒரு பக்கத்துக்கு 72 கண்ணிகள். தனித்தனியாக ஒட்டும் கிட் என்றால் மொத்தம் 144 தடவை வெட்டி, தேய்த்து, ஒட்ட வேண்டும்.
---

அச்சு ஒன்று, பெட்டி பத்து

ஏன் இத்தனை சோவியத் வண்டிகள்? வியாபாரக் கணக்கு எளிது. கிட் தயாரிப்பில் பணம் தின்பது பிளாஸ்டிக் அல்ல, எஃகு அச்சு. ஓர் அச்சை வெட்டியெடுத்தால் அதைப் பல பெட்டிகளில் போட்டு விற்றால்தான் முதல் திரும்பும். சோவியத் டாங்கியைப் போல அதற்குத் தோதான சரக்கு வேறு இல்லை.

டி-34-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். போருக்குப் பின் போலந்தும் செக்கோஸ்லோவாகியாவும் செய்ததைச் சேர்த்தால் 80,000-க்கு மேல் உருவான டாங்கி. ஸ்டாலின்கிராடு, நிஷ்னி தாகில், கோர்க்கி, செல்யாபின்ஸ்க், ஓம்ஸ்க் என்று ஆலைக்கு ஆலை வேறுபாடு. டரெட்டின் வார்ப்பு வேறு, கைப்பிடி வேறு, சக்கரம் வேறு. 1942-ல் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது ஸ்டாலின்கிராடு ஆலை எஃகு விளிம்புச் சக்கரங்களோடு வண்டியை அனுப்பியது. மாடல்காரர்களுக்கு அது ஒரு தனிப் பெட்டி. சக்கரம் தப்பாக இருந்தால் கண்காட்சி மேசையில் நிச்சயம் ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். அவரை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

கீவின் மினிஆர்ட் நிறுவனம் 2010களின் நடுவில் டி-54 குடும்பத்தைத் தொடங்கியபோது இந்தக் கணக்கை வெகு நேர்த்தியாகப் போட்டது. உடலுக்கு ஒரு ஸ்ப்ரூ சட்டம் (உதிரிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்), சக்கரத்துக்கு ஒன்று, டரெட்டுக்கு ஒன்று என்று பிரித்து அச்சடித்தார்கள். ஒரு சட்டத்தை மாற்றினால் வேறு ஆண்டின் வண்டி. இன்னொன்றைச் சேர்த்தால் இஸ்ரேல் கைப்பற்றித் திருத்திக்கொண்ட டிரான். வேறொன்றைச் சேர்த்தால் கண்ணிவெடி அகற்றும் வண்டி. உள்ளே எஞ்சின், குண்டு அடுக்கு, ஓட்டுநர் இருக்கை எல்லாம் வரும் 'இன்டீரியர் கிட்' வகையில் உதிரிகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒட்டி முடித்து மூடிவிட்டால் அதில் முக்கால்வாசி கண்ணுக்கே தெரியாது. தெரியாது என்று தெரிந்தே ஒட்டுகிற ஜாதி இது.

இன்னொரு பக்கம், போருக்கே போகாத டாங்கிகள். 1950களின் கடைசியில் லெனின்கிராடில் செய்துபார்த்த 'ஆப்ஜெக்ட் 279' நான்கு சங்கிலிப்பட்டைகளில் ஊரும் அறுபது டன் விநோதம். தொழிற்சாலை உற்பத்திக்கே போகவில்லை. எஞ்சிய ஒன்று குபின்காவில் நிற்கிறது. ஆனால் சீனாவின் பாண்டா ஹாபி, அம்யூசிங் ஹாபி இரண்டுமே அதற்கு 1/35 கிட் போட்டன. கணினி டாங்கிச் சண்டை விளையாட்டுகளில் வளர்ந்த தலைமுறைக்கு டி-34-ஐ விட இதுதான் நெருக்கம்.

2015 மே 9 அணிவகுப்பில் டி-14 அர்மாடா ஓடியதும் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு அதன் கிட்டை இறக்கின. பத்தாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், பிளாஸ்டிக்கில் ஓடிய அர்மாடாக்கள் எஃகில் ஓடியவற்றை விடப் பல மடங்கு. போருக்கு நிஜமாகக் கிளம்பியது அர்செனியேவ் கிடங்கின் தாத்தாக்கள்.

கீவில் கரண்ட் போனால்

இந்தக் கதையின் கனமான பகுதி கீவில் இருக்கிறது. மினிஆர்ட், ஐ.சி.எம். இரண்டும் கீவ் நிறுவனங்கள். சோவியத் வண்டிகளின் கிட் என்றால் உலகச் சந்தையில் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் அடங்குபவை. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யப் படை நுழைந்தபோது வேலை நின்றது. தலைநகரின் வடக்கு எல்லையில் எரிந்துகொண்டிருந்தவை டி-72 டாங்கி, பி.எம்.பி. காலாட்படைக் கவச வண்டி வகையறா. இத்தகைய சோவியத் வண்டிகளைத்தான் இந்த ஊர் பெட்டியில் போட்டு விற்றுக்கொண்டிருந்தது.

சில மாதங்களில் இயந்திரங்கள் மறுபடி ஓடின. அக்டோபரிலிருந்து மின்நிலையங்கள் மீது ஏவுகணைகள் விழத் தொடங்கின. மாடல் கிட் செய்வது ஊசி வார்ப்பு முறை. பாலிஸ்டைரீன் மணிகளைச் சூடான உருளைக்குள் உருக்கி, அதிக அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி, ஆறவைத்துத் தள்ள வேண்டும். பாதியில் கரண்ட் போனால் உருளைக்குள்ளேயே பிளாஸ்டிக் இறுகும். மறுபடி சூடேற்றி, பழையதைக் கழித்து, சரியான அழுத்தம் வரும்வரை விழும் சட்டங்களையெல்லாம் தூக்கிப்போட வேண்டும். நான்கு மணி நேரம் மின்சாரம், நான்கு மணி நேரம் இருட்டு என்றால் இந்தத் தொழிலை நடத்துவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். வான்வெளி மூடிக் கிடப்பதால் சரக்கு தரைவழியாகத்தான் வெளியேற வேண்டும். இத்தனைக்கு நடுவிலும் புதிய அறிவிப்புகள் வருகின்றன. உலகம் முழுக்க ஆர்வலர்கள் அந்தப் பெட்டிகளைக் கொஞ்சம் கூடுதல் பரிவோடு வாங்குவதற்கு இது ஒரு காரணம்.

ரஷ்யத் தரப்பில் இருப்பது மாஸ்கோ அருகே லோப்னியாவில் 1990-ல் தொடங்கிய ஸ்வெஸ்தா. தரமான கிட், மலிவான விலை என்று மேற்கு ஐரோப்பாவில் பேர் வாங்கியிருந்தது. போருக்குப் பின் அங்குள்ள பல கடைகளும் விநியோகஸ்தர்களும் அதைக் கைவிட்டார்கள். பழைய சரக்கு வைத்திருப்பவர்கள் அதைக் கட்டலாமா, கண்காட்சிக்குக் கொண்டுபோகலாமா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அதில் போட்ட பணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது, தூக்கிப்போட்டு யாருக்கு லாபம் என்பது என் கட்சி.

யாருடைய டாங்கி என்ற கேள்விக்கே நேர்ப் பதில் கிடையாது. டி-34 பிறந்தது உக்ரைனின் கார்கிவ் நகரில், 183-ம் எண் ஆலையில். வடிவமைப்பாளர் மிகாயில் கோஷ்கின் 1940 மார்ச்சில், உறைபனியில், இரண்டு மாதிரி வண்டிகளை அங்கிருந்து மாஸ்கோவுக்கு ஓட்டிக் காட்டினார். அந்தப் பயணத்தில் பிடித்த நிமோனியாவில் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். 1941-ல் ஜெர்மானியர்கள் நெருங்கியபோது அந்த ஆலை அப்படியே ரயிலேறி யூரல் மலைப்பகுதியின் நிஷ்னி தாகிலுக்குப் போனது. இன்று டி-90 செய்வது அந்த ஊர்தான். அதாவது கார்கிவ் மீது வந்த டாங்கிகள் பலவற்றின் பூர்வீகம் கார்கிவ். கீவில் இருக்கும் ஒரு நிறுவனம் டி-34 கிட் போடுவது எதிரியின் வண்டியை விற்பதா, சொந்த ஊர்ச் சரக்கை விற்பதா? இரண்டு பதிலையும் நியாயமாகச் சொல்லலாம்.

பெட்டியின் மேல் யார் கொடி?

இந்தக் குழப்பம் கடைசியில் வந்து இறங்குவது அட்டைப்பெட்டியின் ஓவியத்திலும், சின்னங்களை ஒட்டும் டெக்கால் தாளிலும்தான். 2015-லேயே உக்ரைன் சட்டம் கம்யூனிச, நாஜி ஆட்சிச் சின்னங்களைப் பொதுவெளியில் தடை செய்துவிட்டது. அருங்காட்சியகம், கலை, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. சிவப்பு நட்சத்திரம் இல்லாமல் சோவியத் டாங்கி விற்பது எப்படி? நிறுவனங்கள் கண்ட ஒரு வழி, அதே வண்டியை வேறு படைகளின் பெயரில் போடுவது. போலந்துத் தயாரிப்பு டி-55, செக்கோஸ்லோவாகியத் தயாரிப்பு டி-55, யூகோஸ்லாவியப் போர்களின் டி-34/85 என்று மினிஆர்ட் பெட்டிகள் வந்திருக்கின்றன. பிளாஸ்டிக் பெரும்பாலும் பழையதே. ஓவியமும் ஒட்டுத்தாளும் புதியவை. இது முழுக்க அரசியல் என்று சொல்ல மாட்டேன், வியாபாரமும்தான். ஆனால் இனி வரும் பெட்டிகளில் இந்தச் சாய்வு கூடும் என்று தோன்றுகிறது.

இந்தத் தொழிலுக்கு இதில் முன்னனுபவம் உண்டு. ஜெர்மனியில் ஸ்வஸ்திகா சின்னத்துக்குச் சட்டத் தடை இருப்பதால், ஜெர்மானியப் போர்விமானக் கிட்டுகளில் அந்தச் சின்னத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டி அச்சிடுவது பல ஆண்டு வழக்கம். ஒட்டுகிறவர் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. இப்போது ரஷ்ய வண்டிகளில் பூசிய 'இசட்' எழுத்துக்கும் அதே கதி. போரை ஆதரித்து அதைக் காட்டினால் ஜெர்மனியில் வழக்குப் பாயும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மாடலின் பக்கவாட்டில் அதை எழுதுவது வரலாற்றுப் பதிவா, ஆதரவா? போட்டி நடுவர்கள்தான் பாவம்.

---
பெட்டிச் செய்தி: நிஜம்தான், நம்புங்கள்!

2019-ல் லாவோஸ் தன்னிடமிருந்த 30 டி-34 டாங்கிகளை ரஷ்யாவுக்கு அனுப்பியது. அணிவகுப்புக்கும் சினிமாவுக்கும் ஓடும் நிலையில் உள்ள வண்டி வேண்டியிருந்தது.

2023 மே 9 மாஸ்கோ வெற்றிநாள் அணிவகுப்பில் வந்த டாங்கி ஒன்றே ஒன்று. அதுவும் ஒரு டி-34.

2023 ஏப்ரலில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நெடுஞ்சாலை ஓரத்து டிரக் நிறுத்தத்தில் ஒரு ரஷ்ய டி-90ஏ நின்றது. இழுத்துவந்த லாரி பழுதாகிவிட்டது. முந்தைய ஆண்டு உக்ரைன் கைப்பற்றிய வண்டி அது. வழிப்போக்கர்கள் எல்லாக் கோணத்திலும் படமெடுத்தார்கள். குபின்கா பக்கம் இனிப் போக முடியாத மாடல்காரர்களுக்கு அந்த டிரக் நிறுத்தமே அருங்காட்சியகமானது.
---

எரிந்த வண்டியைக் கட்டலாமா?

2022 மே மாதம் கீவின் புனித மிக்கேல் சதுக்கத்தில், சிதைந்த ரஷ்ய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்கு நகரின் பிரதான வீதியிலேயே வரிசையாக வைத்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்காட்டிப் படமெடுத்துக்கொண்ட பெற்றோர் ஒருபக்கம். துருவின் நிறத்தைக் குறித்துக்கொண்ட மாடல்காரர்கள் இன்னொரு பக்கம்.

எரிந்த டாங்கியைச் சரியாகச் செய்வது ஒரு கைவேலை. பச்சை பெயின்ட் வெந்து சாம்பல் வெள்ளையாகும்; அதன் மேல் முதல் மழையிலேயே ஆரஞ்சுத் துரு படரும். சக்கரங்களின் ரப்பர் விளிம்பு எரிந்து, உள்ளே இருக்கும் உலோகச் சக்கரம் மட்டும் மிஞ்சும். முக்கியமாக, வண்டி தாழ்ந்து உட்காரும். சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் தீயில் விறைப்பை இழந்துவிடுவதால் அடிவயிறு தரையைத் தொட வரும். இதைக் கவனிக்காமல் துருப்பொடியை மட்டும் பூசியவர் நிஜத்தில் எரிந்த வண்டியைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிடலாம்.

டி-72 வகையில் இன்னொன்றும் உண்டு. குண்டுகளைத் தானே ஏற்றும் சுழல்தட்டு, 22 குண்டுகளோடு, டரெட்டின் நேர் அடியில் இருக்கிறது. அடி அங்கே பட்டால் டரெட் முழுசாகப் பிய்ந்து பறக்கும். உள்ளே மூன்று பேர். டரெட்டைத் தனியாகக் கவிழ்த்துவைத்து, பக்கத்தில் சேறு, காய்ந்த புல் எல்லாம் அமைத்த மாடல்களை இப்போது நிறையப் பார்க்க முடிகிறது. அபாரமான வேலைப்பாடு. ஆனால் எந்த வயல், எந்தத் தேதி, எந்த வண்டி எண் என்று குறிப்புச் சீட்டு வைத்திருப்பதைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்த மூன்று பேரின் வீட்டில் இன்னும் துக்கம் ஆறியிருக்காது. ஜெர்மனியின் டைகர் டாங்கியை எரிந்த நிலையில் செய்யும்போது ஏன் இப்படித் தோன்றவில்லை என்று கேட்டால், எண்பது ஆண்டு இடைவெளி என்பதைத் தவிர என்னிடம் காரணம் இல்லை. அது நல்ல காரணமா என்பதும் சந்தேகமே.

இதே கீவில் வேறொரு மனநிலைக்கும் உதாரணம் இருக்கிறது. ஐ.சி.எம். நிறுவனம் செர்னோபில் விபத்தை வைத்து ஒரு கிட் வரிசையே போட்டது. கதிர்வீச்சு அளக்கும் வண்டி, தீயணைப்பு லாரி, கூரையில் இடிபாடுகளை அள்ளும் ஆட்கள். அதில் ஒரு துப்பாக்கிகூட இல்லை. சோவியத் காலத்தைச் சிறு அளவில் நினைவுகூர இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்பதை மற்ற நிறுவனங்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

அச்சு நொண்டும், கூண்டு ஓடும்

நிறுவனங்களின் இப்போதைய தலைவலி வேகம். 2021 கடைசியிலேயே ரஷ்ய டாங்கிகளின் டரெட் மேல் கம்பிப் பந்தல் முளைத்தது. பிறகு ட்ரோன்களுக்குப் பயந்து வலை, பக்கவாட்டுத் தடுப்பு, தொங்கும் சங்கிலிகள். 2024 ஏப்ரலில் முழு வண்டியையும் தகரக் கொட்டகையால் மூடிய 'ஆமை டாங்கி' வந்தது. ஒவ்வொன்றும் பட்டறையில் கிடைத்த இரும்பைப் பற்றவைத்தது. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. எஃகு அச்சு வெட்டி, சோதனை வார்ப்பு எடுத்து, பெட்டி ஓவியம் தீட்டிக் கடைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் போர்முனையில் கூண்டின் வடிவம் மாறிவிடுகிறது.

இடைவெளியில் புகுந்தவர்கள் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் சிறு ஆட்கள். ஒரு புகைப்படம் வந்தால் அதைப் பார்த்து வரைந்து, பிசினில் அச்சடித்து, சில வாரத்தில் விற்பனைக்கு வைக்கிறார்கள். பெரிய நிறுவனத்தின் டி-72 கிட்டை வாங்கி, இவர்களின் கூண்டை மேலே மாட்டிக்கொள்ளலாம். இனி வரும் ஆண்டுகளில் பெரியவர்கள் வெறும் உடலை விற்பார்கள், மேல்சட்டையைச் சிறியவர்கள் விற்பார்கள் என்பதே என் ஊகம்.

ஆவடிக்காரர்கள் என்ன செய்வது?

இந்த வண்டிகளில் இரண்டு நமக்கு வெளியூர்ச் சரக்கே அல்ல. 1961-ல் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் டி-72 'அஜேயா' ஆனது, டி-90 'பீஷ்மா' ஆனது. ஆவடியில் செய்த முதல் பீஷ்மாக்கள் 2009 ஆகஸ்டில் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. ட்ரோன் தடுப்புக் கூண்டோடு இந்திய டாங்கிகள் நிற்கும் படங்களும் இப்போது வந்துவிட்டன. ஆனால் டி-90 மாடல் வேண்டுமென்றால் சென்னைக்காரர் வெளிநாட்டுக் கிட்டைத்தான் வரவழைத்தாக வேண்டும்.

வந்தது டி-90ஏ கிட் என்றால் அதை அப்படியே ஒட்டவும் முடியாது. ரஷ்ய டி-90ஏ டாங்கியின் பீரங்கிக்கு இருபுறமும் சிவப்பாக ஒளிரும் இரண்டு பெரிய விளக்குகள் இருக்கும். வரும் ஏவுகணையின் வழிகாட்டியைக் குழப்பும் 'ஷ்டோரா' ஏற்பாடு அது. இந்தியா வாங்கிய டி-90எஸ் வண்டியில் அது கிடையாது. ஆகவே கிட்டிலுள்ள அந்த இரண்டு விளக்குகளையும் சட்டத்திலேயே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் தகடு வெட்டி, அந்த இடத்துக்கு எதிர்வெடிக் கவசக் கட்டிகளைத் தானே செய்து ஒட்ட வேண்டும். பச்சையையும் நம் படையின் பச்சைக்குக் கலந்துகொள்ள வேண்டும். படைப்பிரிவின் அடையாளத்தை மெல்லிய தூரிகையில் கையாலேயே எழுதிக்கொள்ளலாம், கை நடுங்காவிட்டால்.